வீடியோ கேம் பொம்மைகளை கிராஸ் தையலில் போடலாமா?



மேட்டி துணியில் கிராஸ் தையல் போடுவது நம்மில் பல பேருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். ரோஜாப்பூ, கிளி, மயில் என்று தலையணை உறையில் போட்டிருப்போம். வெளிநாடுகளில் இதே தையலில் பழைய வீடியோ கேம் பொம்மைகளைப் போட்டு, சட்டம் மாட்டிச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். நம்ம பசங்க டிவியில மாட்டி விளையாடினாங்களே, தொப்பியும் மீசையுமா ஒருத்தர் குதிச்சுக் குதிச்சு ஓடுவாரே, அந்த மரியோவைத்தான்!

ஏன் பழைய கேம்? அதில்தான் விஷயம் இருக்கிறது. 1978-ல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் டைட்டோ கம்பெனிக்காக 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார். அந்தக் காலத்து மெஷினில் கொஞ்சம் தகவலைத்தான் சேர்த்து வைக்க முடியும். அதனால் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களை ஒளிரவிட்டுத்தான் உருவம் காட்ட வேண்டும். வானத்திலிருந்து வரும் எதிரிகளை அவர் ஆக்டோபஸ், நண்டு, கணவாய் மாதிரி அமைத்தார். அந்த நண்டு 11 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம், அவ்வளவுதான்.

மரியோ கதையும் அப்படியே. நிண்டெண்டோ கம்பெனியின் ஷிகெரு மியாமோட்டோ 1981-ல் அவரை வரைந்தபோது, அத்தனை சின்ன இடத்தில் தலைமுடி காட்ட வழியில்லை, தொப்பி வைத்தார். வாய் தெரியாது, மீசை வைத்தார். 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் சின்ன மரியோவின் உயரம் 16 கட்டம். நிறம் மூன்றே மூன்று!

ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். ரோஜாப்பூ போட்டால் பத்து நிறம் மாற்றி மாற்றிக் கண் வலிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. நண்டையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது வரிசையில் 11 கட்டமும் தையல். அதற்கு மேல் வரிசையில் ஒன்று விட்டு, இரண்டு போட்டு, ஒன்று விட்டு, மூன்று போட்டு, ஒன்று விட்டு, இரண்டு போட்டு, ஒன்று விட வேண்டும். நடுவில் விட்ட இரண்டும்தான் கண்! எண்ணிப் பார்த்தோம், முழு நண்டுக்கும் 46 தையல். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வரும். நூல் ஆறு இழையாக வரும், அதில் இரண்டு இழை பிரித்தால் போதும். மேலே விழும் சாய்வு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். ஒன்று மாறினாலும் பளிச்சென்று தெரியும்.

இனி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு கடைக்காரர் மரியோ போட்ட சாவிக்கொத்து 200 வேண்டும் என்று கேட்டார். சந்தோஷமாக முன்பணம் வாங்கிவிட்டோம். 18 முடித்த பிறகுதான், விவரம் தெரிந்த ஒருவர், "அந்தப் பொம்மை கம்பெனிக்குச் சொந்தம், அனுமதி இல்லாம விக்கக் கூடாதும்மா" என்றார். விசாரித்தால் உண்மைதான். பதிப்புரிமைச் சட்டம், 1957 நம் நாட்டில் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் படைப்புக்கும் பாதுகாப்பு உண்டு. பேரனுக்கு ஆசையாகப் போட்டுக் கொடுப்பது வேறு, விலை வைத்து விற்பது வேறு. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த 18-ம் எங்கள் பிள்ளைகளின் ஸ்கூல் பையில் ஆடுகின்றன. நூல் செலவு நம் தலையில்தான்.

ஆனால் கட்டம் போட்டு வரையும் முறைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. கணக்கு நோட்டில் 16-க்கு 16 சதுரம் ஒதுக்கி, ஒரு உறுப்பினர் தன் வீட்டுக் கோழியை வரைந்தார். முதல் தடவை வாத்து மாதிரி வந்தது! கொண்டைக்கு இரண்டு கட்டம் கூட்டினதும் கோழியாகிவிட்டது. கடைக்காரரிடம் அதைக் காட்டினோம், 50 கேட்டிருக்கிறார்.

விலை சொல்லும்போது தையலை எண்ணிச் சொல்லுங்கள். கைக்கு அடக்கமான படம்தானே என்று குறைத்துக் கேட்பார்கள். பக்கத்துக்கு 16 கட்டம் என்றால் முழுக்க நிரப்பினால் 256 தையல், பக்கத்துக்கு 32 என்றால் 1,024. அளவு இரண்டு மடங்குதான், வேலை நான்கு மடங்கு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். ஆடு, பலாப்பழம், பம்ப்செட், எது வேண்டுமானாலும் வரைந்து பார்க்கலாம்.