சேற்றைத் தடுக்கும் இரட்டை வளையங்கள்

ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நானாஸ் என்றோர் ஊர் உண்டு. நானாஸ் என்னும் மலாய்ச் சொல்லின் பொருள் அன்னாசி. அன்னாசிக்கும் செம்பனைக்கும் அங்குள்ள சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டியாதல் வேண்டும். அதனை வெட்டும் எக்ஸ்கவேட்டரின் இரும்புச் சங்கிலியும் அதனுள் உருளும் உருளைகளும் சேற்றில் அமிழ்ந்தே இயங்குகின்றன. உருளையின் வெளியே சேறு, உள்ளே எண்ணெய். இரண்டையும் பிரித்து வைப்பது ‘சீல்’ எனப்படும் அடைப்பு.

சாதாரண ஆயில் சீலின் ரப்பர் விளிம்பை மணல் விரைவில் அறுத்துவிடும். ஆதலின் இங்கே இரண்டு கடின இரும்பு வளையங்கள் முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும். ஒன்று உருளையோடு சுழலும், மற்றது அசையாது. ஒவ்வொன்றின் பின்னும் தடித்த ரப்பர் வளையம் ஒன்று அமுங்கியிருந்து, இரும்பு முகத்தை முன்னோக்கித் தள்ளும். கண்ணாடிபோல் தேய்த்த அம்முகங்களுக்கிடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே இருக்கும்.

பொருத்துகையில் ரப்பரில் எண்ணெய் படலாகாது என்பது விதி. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும் என்று சிலர் காரணம் கூறுவர். இயற்கை ரப்பருக்கு அது பொருந்தும். ஆனால் இவ்வளையங்கள் பெரும்பாலும் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. உண்மைக் காரணம் வேறு. இரும்பு வளையத்தைப் பிடித்து நிறுத்த ஆணியோ திருகோ இல்லை. ரப்பரின் பிடிப்பு ஒன்றே உண்டு. வழுக்கினால் ரப்பர் ஓரிடத்தில் முறுகும்; வளையம் சாயும்; ஒருபுறம் இடைவெளி பிறக்கும்.

எனவே ரப்பரையும் அது அமரும் சரிவுகளையும் நூல் பிரியாத துணியால், விரைவில் உலரும் கரைப்பான் கொண்டு துடைத்தல் வேண்டும். ரப்பரின் வார்ப்புக் கோடு நெளியாது ஓடுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். நெளிந்தால் ரப்பர் முறுகியுள்ளது என்பது பொருள். அதற்குரிய கருவியால் ஒரே சீராக அழுத்திய பின், சுற்றிலும் பல இடங்களில் உயரத்தை அளத்தல் நன்று. பின்னர் இரும்பு முகங்களில் மட்டும் சிறிது எண்ணெய் தடவி, இரு பகுதிகளையும் நேராகவும் மெதுவாகவும் சேர்த்தல் வேண்டும். மோதவிட்டால் கடின இரும்பு உடையும். சேர்ந்து தேய்ந்த பழைய இணையில் ஒன்றை மட்டும் மாற்றுவதும் ஆகாது.

இவற்றுள் ஒன்று பிழைப்பினும் எண்ணெய் கசிந்து, அது போன வழியே சேறு புகும். உருளையின் உட்பகுதி அரைபட்டு, எந்திரம் வடிகாலிலேயே நின்றுவிடும். வழுக்க வேண்டியது இரும்பு. வழுக்கக் கூடாதது ரப்பர். இவ்வேறுபாட்டை அறிந்தவன் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை.