துயர நாளில் மருத்துவமனையும் செய்தியாளரும்

மழை பொய்க்கும் எங்கள் கரிசல் பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் பலருக்குச் சோறு போடும் தொழில்கள். ஆனால், 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். காயமுற்றோர் சிவகாசி, மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இத்தகைய நாளில் மருத்துவமனை வாசலில் காயம்பட்டோர், உறவினர், செய்தியாளர் என மூவகையினர் கூடுவர். செய்தியாளரை விரட்டிவிடலாமா? கூடாது. செய்தியை அடைத்தால் வதந்தி பறக்கும். எப்போதும்வென்றானில் தவிக்கும் ஒரு தாய், எந்த ஊர் மருத்துவமனைக்கு ஓடுவது என்பதைச் செய்தி வழியாக அறியலாம். இரத்ததானம் செய்வோரும் அதைக் கேட்டே விரைந்து வருவர்.

அப்படியானால் வார்டுக்குள் விடலாமா? அதுவும் கூடாது. தோல் வெந்த இடத்தில் கிருமி எளிதில் தொற்றும். வலியில் துடிப்பவரைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் முறையன்று.

பின் வழிதான் என்ன? வார்டுக்குத் தொலைவில் ஓர் அறையை ஒதுக்க வேண்டும். பொறுப்பான ஒருவரே பேச வேண்டும். குறித்த மணிக்கு ஒருமுறை, புதிய செய்தி இல்லாவிடினும், நிலைமையைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் 'தெரியவில்லை' என்றே கூற வேண்டும். இவற்றை விபத்துக்கு முன்பே திட்டமிட்டு வைத்தால், மருத்துவர்கள் நோயாளிகளை விட்டு வாசலுக்கு ஓட வேண்டியதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, இறந்தவர் பெயரை முதலில் வீட்டாருக்கே சொல்ல வேண்டும்; பிறகுதான் உலகத்திற்கு. மகளின் மரணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து அறியும் தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்! எண்ணிப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி