டீ டிகாக்‌ஷன் இருந்தால் 1806-ம் ஆண்டுக் கடிதம் ரெடி... ஆனால் ஒரு எச்சரிக்கை!

ஞாயிற்றுக்கிழமை மாலை. மேசையைச் சுற்றி ஐந்து பேர். கதையை நடத்துபவர் எதுவும் பேசாமல், அரக்கு முத்திரை வைத்த ஒரு பழுப்புக் கடிதத்தை நடுவில் வைக்கிறார். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்காருகிறார்.

இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்கிரீன் கிடையாது. ஆளுக்கொரு கதாபாத்திரம், கொஞ்சம் பகடை, மீதியெல்லாம் கற்பனை. அந்தக் கற்பனைக்குப் பிடிமானமாகக் கையில் கொடுக்கும் பொருளுக்குத்தான் 'ப்ராப்' என்று பெயர்.

டிராகன் எதற்கு? வேலூர் இருக்கே!

1806 ஜூலை 10, அதிகாலை இருட்டு. வேலூர் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். முந்தைய நாள்தான் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில் கல்யாணம். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி தலைமையில் குதிரைப்படை வந்து புரட்சியை அடக்கியது.

கோபத்துக்கு முக்கியக் காரணம் 1805 நவம்பரில் வந்த உடை விதிகள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு பட்டயம். அது எந்த மிருகத்தின் தோல் என்ற சந்தேகம் படைக்குள் பரவியது. கோட்டை, ரகசியக் கூட்டம், ஒரே ராத்திரி. கேமுக்கு வேறென்ன வேணும்?

ஆம்பூருக்கும் டீத்தூளுக்கும் என்ன சம்பந்தம்?

டீயின் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற வேதிப்பொருள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருப்பதும் இதே குடும்பம்தான். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் இன்று பெரும்பாலும் குரோமியம் கொண்டுதான் தோல் பதனிடுகிறார்கள். அதற்கு முன்னால் இந்தப் பட்டையும் காயும்தான். டானின் தோலில் உள்ள புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் தோல் அழுகாது.

காகிதத்தில் புரதம் இல்லை. அங்கே டானின் வெறும் சாயம் மட்டுமே ஏற்றும். நமக்கு அது போதும். ஆனால் பால் சேர்க்காதீர்கள். பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும், காகிதத்துக்கு நிறம் சரியாக ஏறாது.

எப்படிச் செய்வது?

1. முதலில் எழுதிவிடுங்கள். தண்ணீர் பட்டால் கலையாத மை வேண்டும். பிரின்ட் என்றால் ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரின்ட். பெரும்பாலான இன்க்ஜெட் மை கரைந்துவிடும்.

2. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள்.

3. காகிதத்தை லேசாகக் கசக்கிப் பிரித்து, அகலமான தட்டில் வைத்து டிகாக்‌ஷனை ஊற்றுங்கள். சில நிமிடம் போதும். ரொம்ப ஊறினால் கிழியும்.

4. துணியால் ஒற்றியெடுத்துக் காயவிடுங்கள். இணையத்தில் 'அவனில் வை' என்பார்கள். வேலூர் வெயில் இருக்கும்போது அவன் எதற்கு?

டீக்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்ப் பொடியைக் கொதிக்க வைத்தால் மங்கிய மஞ்சள் கிடைக்கும். துரு ஆணி ஊறிய வினிகரை அதன்மேல் ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் கறுக்கும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அன்றைய ஐரோப்பிய எழுத்து மையும் இதே வேதியியல்தான்.

சினிமா பழசும் நிஜப் பழசும்

பலர் சறுக்குவது இங்கேதான். பழைய கடிதம் என்றால் ஒரே சீரான காப்பி நிறம், எரிந்த ஓரம் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. 1806-ல் காகிதம் மரக்கூழில் வரவில்லை. பருத்தி, லினன் கந்தல் துணியை அரைத்துச் செய்தார்கள். நல்ல கந்தல் காகிதம் 200 வருடம் கழித்தும் ஓரளவு வெளிறியே இருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய செய்தித்தாள்தான் அதைவிடச் சீக்கிரம் பழுப்பேறும். அதில் மரத்தின் லிக்னின் அப்படியே இருப்பதுதான் காரணம்.

அதனால் டிகாக்‌ஷனில் தண்ணீர் கலந்து நிறத்தைக் குறையுங்கள். காற்றும் வெளிச்சமும் முதலில் படும் ஓரங்களிலும் மடிப்புகளிலும் மட்டும் பிரஷ்ஷால் கொஞ்சம் கூட்டுங்கள். ஓரத்தை எரிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும். கவரும் வேண்டாம். அன்று பெரும்பாலும் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள்.

அந்த எச்சரிக்கை

கேம் முடிந்ததும் யாராவது அந்தக் கடிதத்தை போட்டோ எடுப்பார்கள். ஸ்டேட்டஸில் ஏறும். அங்கிருந்து 'வேலூர் புரட்சியின் மறைக்கப்பட்ட கடிதம்' என்ற தலைப்போடு ஃபேமிலி குரூப்புக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? 1806-ல் உயிரைவிட்ட சிப்பாய்களின் வாயில் நாம் எழுதிய வசனம் வரலாறாக ஒட்டிக்கொள்ளும்.

அதனால் மூன்று விதிகள். கில்லெஸ்பி போன்ற நிஜ மனிதர்கள் பெயரில் எழுதாமல், கற்பனைச் சிப்பாய் ஒருவர் வீட்டுக்கு எழுதுவதாக வையுங்கள். முன்பக்க மூலையிலேயே, போட்டோவில் தெரியும்படி, 'விளையாட்டுக்காகச் செய்தது' என்று வருடத்தோடு எழுதுங்கள். முத்திரைத்தாள், பத்திரம், அரசு சீல் பக்கமே போகாதீர்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரிப்பது சட்டப்படி குற்றம்.

அப்படியொரு ஃபார்வர்டு உங்களுக்கே வந்தால்? சீரான பழுப்பும் கருகிய ஓரமும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு, 'இது எந்த ஆவணக் காப்பகத்தில், எந்தத் தொகுதியில் இருக்கு?' என்று கேளுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் இருக்கும் ஆவணம் என்றால் அதைத் தேடியெடுக்க ஒரு குறிப்பு எண் இருக்கும்.

ஒருமுறை நீங்களே செஞ்சு பார்த்துட்டா, அடுத்த முறை யாரும் உங்களை டீத்தண்ணியில் ஏமாற்ற முடியாது.