தோளில் தொங்கும் நான்கு கிலோ: பேஸ் கிட்டாருக்கு ஏற்ற ஸ்ட்ராப்

மேற்கத்திய இசையில் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பொறுப்பை நெடுங்காலம் ஏற்றிருந்த டபுள் பேஸ், தரையில் ஊன்றி நிறுத்தி வாசிக்கப்படும் ஆளுயரத் தந்திக் கருவியாகும். அதன் எடையைத் தரையே தாங்கியதால், கலைஞர் அதைச் சாயாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டால் போதுமானதாக இருந்தது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் கிட்டாரைப்போல் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றை உருவாக்கினார் எனினும், அவ்வடிவத்தை உலகெங்கும் நிலைபெறச் செய்தது, கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியே. அன்றுமுதல், தரை சுமந்த எடை கலைஞரின் தோளுக்கு மாறியது. கருவிக்கும் தோளுக்கும் இடையே அந்த எடையைத் தாங்கும் ஒரே உறுப்பாக, ஸ்ட்ராப் என்று வாசிப்போர் வழங்கும் தோள்வார் அமைந்தது. ஆயினும் கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் பார்த்துப் பார்த்துச் செலவிடுவோர் பலர், ஸ்ட்ராப்பை நிறமும் வேலைப்பாடும் கருதி மட்டுமே வாங்குகின்றனர்.

எடையும் அகலமும்

பேஸ் கிட்டார் சாதாரண மின்சாரக் கிட்டாரைவிடக் கனமாக இருப்பதற்கு அது எழுப்பும் ஒலியே காரணம். தாழ்ந்த சுரம் பிறக்க வேண்டுமாயின் தந்தி நீளமாகவும் தடிப்பாகவும் இருத்தல் வேண்டும். எனவே மின்சாரக் கிட்டாரில் பொதுவாக 25 அங்குல அளவில் இருக்கும் தந்தியின் அதிர்வு நீளம், பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் 34 அங்குலமாக, அதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டராக அமைகிறது. அந்நீளத்துக்கேற்ப நெக் எனப்படும் கழுத்துப் பகுதி நீள்கிறது. தடித்த தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனர்களும் பெரிதாகின்றன. திண்மையான மரத்தாலான உடலையும் சேர்த்துக் கணக்கிட்டால், நான்கு தந்தி பேஸ் கிட்டார் பொதுவாக 3.5 முதல் 4.5 கிலோ வரை எடை கொண்டிருக்கும். ஐந்து தந்திக் கருவிகள் சில 5 கிலோவையும் தொடும். பால் மெக்கார்ட்னியின் கையில் உலகம் கண்ட, வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் போன்ற உள்ளீடற்ற கருவிகள் இதன் பாதியளவே இருப்பினும், அவை விதிவிலக்குகளே.

இந்த எடை சென்று இறங்கும் இடம், கழுத்தின் பின்புறத்திலிருந்து தோள் நுனி வரை விரிந்துள்ள ட்ரபீசியஸ் என்னும் தசையும் அதை அடுத்துள்ள காறையெலும்பும் ஆகும். எடை மாறாதிருந்தாலும் அது பரவும் பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும் என்பது, மளிகைச் சாமான் நிறைந்த பிளாஸ்டிக் பையின் மெல்லிய கைப்பிடி விரலை அறுப்பதில் எவரும் உணர்ந்த உண்மை. 4.5 கிலோ எடையுள்ள கருவியை 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்ட்ராப்பில் மாட்டினால், தோளின்மீது படியும் நீளம் 20 சென்டிமீட்டர் எனக் கொள்ளும்போது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சராசரியாக 45 கிராம் சுமக்கும். அகலத்தை 9 சென்டிமீட்டராக்கினால் அச்சுமை 25 கிராமாகக் குறையும். சாதாரணக் கிட்டாருக்கென விற்கப்படும் 2 அங்குல ஸ்ட்ராப் பேஸ் கிட்டாருக்குப் போதாது என்றும், 3 முதல் 4 அங்குல அகலம் வேண்டும் என்றும் அனுபவமுள்ளோர் கூறுவதன் அடிப்படை இதுவே.

அகலம் கூடக்கூட நன்மையும் கூடிக்கொண்டே போகும் என்பதில்லை. குறுகிய தோளுடையவர் மிக அகலமான ஸ்ட்ராப்பை அணிந்தால், அதன் உள்விளிம்பு கழுத்தில் உரசும். வெளிவிளிம்போ தோள் மூட்டுக்கு அப்பால் எதிலும் படியாமல் நிற்கும். அத்தகையோருக்கு 3 அங்குலமே தக்க அளவாகும். உள்ளே வைத்துத் தைக்கப்படும் பஞ்சையும் ஆராய்தல் நன்று. கடையில் விரலால் அழுத்தும்போது மெத்தென்று தோன்றும் பஞ்சு, நான்கு கிலோ எடையின்கீழ் தட்டையாக நசுங்கிப் பயனற்றுப் போவதுண்டு. எனவே அழுத்தியதும் சற்று எதிர்த்து நின்று, விட்டதும் மெல்ல நிமிரும் அடர்த்தியான பஞ்சே நெடுநாள் உழைக்கும். விளிம்புகள் மழுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் விரலால் தடவிப் பார்க்கலாம். வெட்டிய நிலையிலேயே விடப்பட்ட தடித்த தோலின் விளிம்பு, ஒரு மணி நேரத்தில் கழுத்தைச் சிவக்கச் செய்துவிடும்.

தலை கனக்கும் கருவி

சுமைக்கு அடுத்து வருவது சமநிலை. பேஸ் கிட்டாரின் அடிப்புறத்தில் ஒன்றும், ஹார்ன் எனப்படும் மேற்கொம்பின் நுனியில் ஒன்றுமாக ஸ்ட்ராப் பட்டன்கள் என்னும் இரு குமிழ்கள் பொருத்தப்பட்டிருக்கும். கருவியின் எடை முழுவதும் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியான ஈர்ப்பு மையம், தொங்கும் பொருள் எதிலும் தாங்குமிடத்துக்கு நேர் கீழே வந்து நிற்க முயலும். பிரிசிஷன் பேஸில் மேற்கொம்பு, ஃப்ரெட் எனப்படும் நெக்கின் குறுக்குக் கம்பிகளில் ஏறத்தாழ பன்னிரண்டாவது வரை நீண்டு, முன்பட்டனை நெக்கின் பக்கம் கொண்டுசெல்வதால், கருவி பெரும்பாலும் வாசிக்கும் நிலையிலேயே நிற்கிறது. கிப்ஸன் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய தண்டர்பேர்ட் போன்ற கருவிகளில் அவ்வாறு நீண்ட மேற்கொம்பு இல்லாமையால், கையை எடுத்ததும் நெக் தரையை நோக்கிச் சரிகிறது. வாசிப்போர் இதனை நெக் டைவ் என்பர்.

இக்குறையுள்ள கருவியை வாசிப்பவர், சுரங்களை அழுத்த வேண்டிய இடக்கையாலேயே நெக்கையும் தூக்கிப் பிடிக்க நேர்வதால், அவருடைய மணிக்கட்டும் முன்கையும் விரைவில் சோர்ந்துவிடுகின்றன. இவ்விடத்தில் ஸ்ட்ராப்பின் அடிப்பரப்பே துணைசெய்கிறது. வழுவழுப்பான நைலான் ஸ்ட்ராப், சட்டையின்மீது எளிதில் நழுவும். ஸ்வேட் எனப்படும் சொரசொரப்பான தோலை அடியில் வைத்துத் தைத்த அகல ஸ்ட்ராப்போ, துணியைப் பற்றிக்கொண்டு நெக்கின் சரிவைப் பெருமளவு தடுக்கும். வாங்குமுன் கருவியை மாட்டிக்கொண்டு, நெக்குக்குச் சற்றுக் கீழே கையைக் காவலாக வைத்தபடி பிடியை விட்டுப் பார்த்தால், நிலைமை உடனே புலப்பட்டுவிடும். சரிவு மிகுதியாக இருப்பின் எடை குறைந்த ட்யூனர்களைப் பொருத்துவதோ, தேர்ந்த பழுதுபார்ப்பவரைக் கொண்டு பட்டனின் இடத்தை மாற்றுவதோதான் உரிய வழி. ஸ்ட்ராப் ஓரளவுக்கே ஈடுசெய்யும்.

தோலா, நாடாவா?

சந்தையில் கிடைப்பவற்றைத் தோல், நெய்த நாடா, நியோப்ரீன் என மூன்றாகப் பகுக்கலாம். தடித்த தோல் நீளாது, முறுக்கிக்கொள்ளாது, பல ஆண்டுகள் உழைக்கும். புதிதில் விறைப்பாக இருப்பினும் நாளடைவில் தோளின் வடிவத்துக்குப் படிந்துவிடும். நைலான், பாலிப்ரொப்பிலீன், பருத்தி ஆகியவற்றால் நெய்த நாடாக்கள் விலை குறைந்தவை, துவைத்து உலர்த்தத்தக்கவை; ஆனால் இவற்றில் அகலமானதைத் தேடிப் பெற வேண்டும். நீர்மூழ்குவோர் அணியும் உடைக்குப் பயன்படும் ரப்பர் வகையான நியோப்ரீன், இழுத்தால் நீண்டு சுருங்கும் தன்மையால் எடை குறைந்ததுபோன்ற உணர்வைத் தரும். எனினும் கலைஞர் அசையும்போதெல்லாம் கருவியும் மேலும் கீழும் துள்ளுவதால், மேடையில் ஆடிப்பாடி வாசிப்போர் பலர் அதை விரும்புவதில்லை.

சென்னையைப் போன்ற கடலோர நகரங்களில் வாசிப்போர் தட்பவெப்பத்தையும் கருத வேண்டியுள்ளது. வியர்வையின் உப்பு தோலை வறளச் செய்து வெடிக்கவைக்கும். மழைக்காலத்தில் ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைத்த தோலில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாடத் தொங்கவிடுதல் இன்றியமையாதது. சாயம் நன்கு ஏறாத தோலும் ஸ்வேடும் வெள்ளைச் சட்டையில் கறை படியச் செய்யும் என்பதால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துச் சோதிப்பது நலம். மற்றொரு எச்சரிக்கையும் உண்டு: பழைய கருவிகளிலும் கிப்ஸன் போன்றோரின் கருவிகளிலும் பூசப்படும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெருகு, பிவிசி, ரப்பர் ஆகியவற்றை இளக்கமாக்கக் கலக்கும் வேதிப்பொருள்களோடு வினைபுரிந்து இளகிப் பிசுபிசுக்கும் என்பதால், அத்தகைய ஸ்ட்ராப்பைக் கருவியிலேயே மாட்டிப் பெட்டியில் மூடிவைத்தல் கூடாது.

நீளம்: அழகும் மணிக்கட்டும்

கருவி எவ்வளவு தாழத் தொங்க வேண்டும் என்பதில் கலைஞரிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் ஆகிய ஆங்கிலக் குழுக்களில் வாசித்த பீட்டர் ஹுக் கருவியை முழங்காலை நோக்கித் தாழ்த்தி வாசிப்பதற்குப் பெயர்பெற்றவர். கட்டைவிரலால் தந்தியைத் தட்டும் ஸ்லாப் முறையில் புகழ்பெற்ற, லெவல் 42 குழுவின் மார்க் கிங் அதனை மார்புக்கு அருகே உயர்த்தியே வாசிக்கிறார். தாழ்த்தினால் தோற்றம் எடுப்பாக இருக்கலாம். ஆனால் நெக்கின் கீழ்ப்பகுதியில் சுரங்களை அழுத்த இடது மணிக்கட்டைக் கூர்மையாக வளைக்க வேண்டியிருக்கும், அந்நிலையில் வலிமையோடு அழுத்துவது தசைநாண்களுக்குத் தீங்கு தரும். மிக உயர்த்தினால் வலது மணிக்கட்டு மடங்கும்.

நடுநிலையான அளவைக் காண எளிய முறை ஒன்று உள்ளது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஸ்ட்ராப்பை அணிந்தபடியே கருவியைத் தொடையில் வைத்து, அது தோளில் தளர்வின்றிப் படியும்வரை நீளத்தைக் குறைத்துக்கொண்டு எழுந்து நின்றால், கருவி அதே உயரத்தில் நிற்கும். அமர்ந்து பயின்றதை நின்று வாசிக்கும்போது கைகள் புதிதாக எதையும் கற்க வேண்டியிராது. அவ்விடத்திலிருந்து ஓரிரு அங்குலம் தாழ்த்திக்கொள்வது அவரவர் விருப்பம். உயரமானவர்களும் பருமனானவர்களும், சரிசெய்யும் கொக்கியைக் கடைசிவரை இழுக்க வேண்டாதபடி, நீளம் கூடிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கழன்று விழாதிருக்க

ஸ்ட்ராப் நடுவில் அறுந்து கருவி விழுவது அரிது. முனையிலுள்ள துளை பட்டனிலிருந்து கழன்று விழுவதே பெரும்பான்மை. சாவித்துளை வடிவில் வெட்டப்பட்ட அத்துளை, மாட்டிக் கழற்ற நாள்தோறும் விரிந்து தளர்கிறது. கலைஞர் குனியும்போதோ திரும்பும்போதோ இழுவிசை ஒரு கணம் தளர்ந்தால், தளர்ந்த தோல் பட்டனின் தலையைத் தாண்டி வெளியேறிவிடும். எனவே முனைத்தோல் தடிப்பாகவும், பட்டனில் செருகும்போது பெருவிரலால் நன்கு அழுத்தித் தள்ளவேண்டிய அளவு இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். முனைத்தோலையும் நாடாவையும் இணைக்கும் இடத்தில், ஒற்றை வரிசைத் தையலைவிடப் பெருக்கல் குறியிட்ட சதுரத் தையலே உறுதியானது.

செலவு குறைந்த பாதுகாப்பு, ஸ்ட்ராப்பை மாட்டியபின் பட்டனின் தலைக்குக் கீழே ஒரு ரப்பர் வளையத்தைச் செருகுவதாகும். நெதர்லாந்தின் கிரோல்ஷ் பியர் புட்டிகளின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் இதற்கு உலகெங்கும் பயன்படுத்தப்பட்டது. இதனினும் உறுதியானது ஸ்ட்ராப் லாக் எனப்படும் பூட்டு. ஜெர்மனியின் ஷாலர் நிறுவனத்தின் அமைப்பில், ஸ்ட்ராப்பில் பொருத்திய லாட வடிவக் கவ்வி பட்டனைச் சூழ்ந்துகொள்ள, ஸ்பிரிங் ஊசி ஒன்று நடுத்துளையில் பொருந்துகிறது. ஊசி தவறினாலும், கருவி நிமிர்ந்த நிலையில் இருக்கும்வரை, லாடமே எடையைத் தாங்கும். அமெரிக்காவின் டன்லப் அமைப்பில் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் பூட்டு விடுபடும். இரு நிறுவனங்களின் பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்தா என்பதால், பல கருவிகள் வைத்திருப்பவர் எல்லாவற்றிலும் ஒரே வகையைப் பொருத்துதல் வேண்டும். ஷாலரின் பழைய வகையில் ஸ்ட்ராப்பைப் பிணைக்கும் நட்டு அதிர்வால் தளர்வதுண்டு. நிகழ்ச்சிக்கு முன் அதை விரலால் திருகிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

எத்தகைய பூட்டும் தன்னைத் தாங்கும் திருகின் உறுதியை மீறாது. பட்டன் கையால் அசைத்தாலே ஆடுமாயின், மரத்துளை தேய்ந்துவிட்டது என்பது பொருள். பட்டனைக் கழற்றி, மரப்பசை தோய்த்த பல்குத்தும் குச்சிகளைத் துளையில் நெருக்கமாகச் செருகி, மேலே நீட்டியிருப்பதை நறுக்கி, பசை முற்றும் உலர்ந்தபின் திருகை மீண்டும் முடுக்கினால் பிடிப்பு திரும்பும். இவற்றோடு, ஒலிபெருக்கிக்குச் செல்லும் கேபிளை ஸ்ட்ராப்புக்கும் கருவியின் உடலுக்கும் இடையே நுழைத்து வளைத்துச் செருகினால், யாரேனும் கேபிளை மிதித்தாலும் அது பிடுங்கப்படாது.

இத்தனை செய்தும் தோளில் வலியோ விரல்களில் மரமரப்போ தொடர்ந்தால், அதைத் தீர்க்க வேண்டியவர் மருத்துவரே. எடையை இரு தோள்களுக்கும் பகிரும் இரட்டை ஸ்ட்ராப்பும், எடை குறைந்த கருவியும், பயிற்சியின்போது அமர்ந்து வாசிப்பதும் அவருடைய அறிவுரைக்குத் துணைநிற்கும். மற்றபடி, ஸ்ட்ராப் வாங்கச் செல்பவர் தம் கருவியை உடன் எடுத்துச் சென்று, கடையிலேயே மாட்டிக்கொண்டு கால் மணி நேரமாவது நின்று வாசித்துப் பார்த்து, அகலம், அடிப்பரப்பின் பிடிப்பு, நீளம், முனையின் உறுதி என்னும் வரிசையில் ஆராய்ந்தபின், நிறத்தைக் கடைசியில் தேர்ந்துகொள்ள வேண்டும்.