குளிரில் கிளம்ப மறுக்கும் சரக்கு வண்டி: பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மார்கழி, தை மாதங்களில் நம் வணிகர்களில் பலர் படும் தொல்லை இது. அதிகாலையில் மண்டிக்குப் போக வண்டியை எடுத்தால் முதல் ஸ்டார்ட்டில் கிளம்புவதில்லை. ஐந்தாறு முறை சாவியைத் திருப்பிய பிறகு குலுங்கிக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. ஒருமுறை சூடாகிவிட்டால் அன்று முழுவதும் ஒரு குறையும் இல்லை. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஓசூர்ப் பக்கமும் பனி நாட்களில் உண்டு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டியவர் ஒரு மணி நேரம் தாமதித்தால் நல்ல சரக்கு அடுத்தவர் வண்டியில் ஏறிவிடும்.

பெரும்பாலோர் உடனே செய்வது புதிய பேட்டரி வாங்கிப் போடுவது. நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் போகிறது. குறை வேறிடத்தில் இருந்தால் மறுநாள் காலையும் அதே கதைதான். ஆகவே பேட்டரிக் கடைக்குப் போகும் முன் செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். மந்தமாக இழுத்து இழுத்துச் சுற்றினால் குறை பெரும்பாலும் மின்சாரத்தின் பக்கம். வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் வரவில்லை, அல்லது வந்த எரிபொருள் பற்றவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

மந்தமாகச் சுற்றும் வண்டியை முதலில் பார்ப்போம். பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. குளிரில் அது மெதுவாகிறது. அதே நேரத்தில் என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கிறது. வரவு குறைந்து செலவு கூடிய கடை மாதிரிதான். கோடையில் சமாளித்துவிடும் அரைகுறை பேட்டரி பனிக்காலத்தில் அகப்பட்டுக்கொள்கிறது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று கடையில் இருப்பது நல்லது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடும் முன் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால்தான் பேட்டரியைக் குற்றவாளி என்று சொல்லலாம். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை காட்டும். 13 கூட வரவில்லையென்றால் டைனமோவைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் போடும் புதுப் பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பலர் மறந்துவிடுவது எர்த் ஒயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை என்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியிலும் வைத்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஒயரைக் கழற்றித் துரு சுரண்டி மாட்டினாலே தீர்ந்துவிடும், செலவே இல்லை.

நம் தொழிலுக்கே உரிய இரண்டு காரணங்களையும் சொல்ல வேண்டும். தெருத் தெருவாக நின்று நின்று சரக்கு இறக்கும் வண்டியில் ஒரு நாளைக்கு இருபது முறை செல்ஃப் அடிக்கிறோம். ஒவ்வொரு ஓட்டமும் அரை கிலோமீட்டர். எடுத்ததைத் திருப்பி நிரப்ப பேட்டரிக்கு நேரமே கிடைப்பதில்லை. இன்னொன்று, காய்கறி வண்டிகளில் கட்டும் ஒலிபெருக்கி. அதன் ஒயரை நேராக பேட்டரியில் மாட்டிவிட்டு இரவில் அணைக்காமல் விட்டால், விடிவதற்குள் அது உறிஞ்சிவிடும்.

ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்று போட்டிருப்பார்கள். முதல் எண் குளிரில் ஆயிலின் தன்மையைக் காட்டுவது. அது குறைவாக இருந்தால் குளிரில் ஆயில் இளகலாக இருக்கும். வண்டிக் கையேடு அனுமதித்தால் மலை ஊர்க்காரர்கள் குறைந்த எண்ணையே வாங்கலாம்.

இனி, நன்றாகச் சுற்றியும் பிடிக்காத டீசல் வண்டி. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சிலிண்டர் சில்லிட்டிருந்தால் அந்தச் சூட்டை இரும்பே இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஹீட்டர் பிளக். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற விளக்கு எரியும்; அது அணையும்வரை பொறுத்து செல்ஃப் அடிக்க வேண்டும். அவசரக்கார டிரைவர்கள் இதைச் செய்வதில்லை. பொறுத்தும் பிடிக்கவில்லையென்றால், செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள்.

டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்கலாம். இரண்டே சிலிண்டர் உள்ள சிறு வண்டியில் ஒரு பிளக் போனாலும் பாதி என்ஜின் போனதுபோல. பழைய வண்டிகளில் சோதிப்பது எளிது. பிளக்கின் ஒயரைக் கழற்றி, டெஸ்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரியாவிட்டால் அந்த பிளக் செத்தது. எல்லாம் எரிந்தால், சாவி போடும்போது பிளக்குக்கு மின்சாரம் வருகிறதா என்று ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இதைக் கையால் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்கு விடுவதே மேல்.

புகையே வராவிட்டால் டீசல் என்ஜினை எட்டவில்லை. எங்கோ ஏர் எடுத்து, இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. கை பம்பு உள்ள வண்டியில் அது இறுகும்வரை அடித்துப் பாருங்கள். உடனே கிளம்பினால் ஓஸ் கிளிப், ஃபில்டர் ரப்பர், வாஷர் ஆகியவற்றில் ஒன்றில் கசிவு. பிளக்கும் டீசலும் சரியாக இருந்து, ஆயிலும் குறைந்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடித்தால் கம்ப்ரஷன் போயிருக்கலாம். அது பெரிய செலவு. மற்றதையெல்லாம் பார்த்த பிறகே என்ஜினைப் பிரிக்கச் சம்மதியுங்கள்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே முதல் இடம். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கு சோக் இழுக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பயனில்லை. அதில் என்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டால், சில்லிட்ட என்ஜினையும் சூடாக இருப்பதாக நினைத்துக் குறைந்த பெட்ரோலே விடும். சி.என்.ஜி. வண்டிகளில் பல பெட்ரோலில் கிளம்பி, பிறகு கேஸுக்கு மாறுபவை. அந்தப் பெட்ரோலை மாதக்கணக்கில் மாற்றாமல் கிடக்க விடாதீர்கள்.

செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது விட்டு அடித்தால் மோட்டார் எரியாது. ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து. டேங்குக்குக் கீழே துணி கொளுத்திச் சூடு காட்டுவது அதைவிட ஆபத்து.

மெக்கானிக்கிடம் பத்து மணிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் சூடான என்ஜினில் அவருக்கு எந்தக் குறையும் தெரியாது. முந்தின நாள் மாலையே ஒர்க்‌ஷாப்பில் விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை அவரையே செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் எப்படிச் சுற்றியது, புகை வந்ததா, என்ன நிறம் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.