பொய் விண்மீன்கள்

இருளைப் படம்பிடித்தல் எளிதன்று. பகலிலே கண்ணிமைக்கும் நேரத்துள் தன் தொழிலை முடித்துவிடும் கமரா, இரவிலே நிமிடக்கணக்கில் விழித்திருக்க வேண்டியதாகின்றது. அவ்வாறு விழித்திருக்கும் கருவி, உள்ளதைக் காண்பதோடு இல்லாததையும் கண்டுவிடுகின்றது. அஃது ஏன் நிகழ்கின்றது, உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பன அறியத்தக்கவை.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால், வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே, கடலோரத்தில் அமைந்தது கதிரவெளி. நகரத்து விளக்கொளிக்கு எட்டாத இத்தகைய கரைகள், நிலவில்லா இரவுகளில் வானத்தைப் படம்பிடிக்க ஏற்றவை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் இருத்தலின், வைகாசி மாதத்து முன்னிரவில் திரிசங்கு விண்மீன் கூட்டம் தென்றிசையில் 20 பாகைக்கும் மேலாக எழுந்து நிற்கும். துருவ விண்மீனோ வடக்கே தொடுவானத்தை அண்டித் தாழ்ந்து தோன்றும்.

இவ்வானத்தை நோக்கிக் கமராவை அசையாது நிறுத்தி, 4 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைப்பதாகக் கொள்வோம். புவி தன்னைத்தானே சுற்றுவதால் அந்நேரத்துள் வானம் 1 பாகை நகர்ந்துவிடும். ஆகவே, விண்மீன்கள் சிறு கோடுகளாகப் பதியும். ஆனால், அக்கோடுகளிடையே சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சில புள்ளிகள் சற்றும் நகராது கூர்மையாக நிற்பதைக் காணலாம். இவற்றைக் கண்டு, கமரா பழுதாயிற்று எனக் கலங்குவோர் உண்டு. தூசி படிந்ததென்று உள்ளே துணியிட்டுத் துடைப்போரும் உண்டு. முன்னவர்க்கு நேர்வது வீண்செலவு. பின்னவர்க்கு நேர்வது உண்மையான பழுது.

இப்புள்ளிகளின் பிறப்பிடம் கமராவினுள் இருக்கும் ஒளியுணரியாகும். இத்துறையில் பெருந்திருப்பத்தை உண்டாக்கிய மின்னேற்றப் பிணைப்புக் கருவியை, 1969 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும் உருவாக்கினர். அதற்காக 2009 இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றனர். இன்றைய கமராக்களுட் பெரும்பாலானவற்றில் வேறுவகை உணரி இருப்பினும், அடிப்படை ஒன்றே. சிலிக்கன் தகட்டிலே பிக்சல் எனப்படும் இலட்சக்கணக்கான சிறு குழிகள் உள. ஒளி படுமிடத்து இலத்திரன்கள் விடுபட்டு அக்குழிகளில் தேங்குகின்றன. தேங்கிய அளவே ஒளியின் அளவாகக் கொள்ளப்படுகின்றது.

ஆயின், இலத்திரனை விடுவிப்பது ஒளி மட்டுமன்று. வெப்பமும் அதனைச் செய்யும். கடற்கரை மணலில் தோண்டிய பூவலிலே மழைநீர் விழுகின்றது. அடியிலிருந்து ஊற்றுநீரும் கசிகின்றது. குழியில் நிற்கும் நீர் முழுவதையும் மழை என்று கணக்கிட்டால் கணக்குப் பிழைக்கும் அன்றோ? ஒளியுணரியின் நிலையும் அத்தகையதே. பகற்படத்தில் நேரம் மிகக் குறுகியது, கசிவு தெரிவதில்லை. இரவுப் படத்தில் நேரம் நீள்வதால் கசிவும் பெருகுகின்றது. சிலிக்கன் படிகத்தில் நுண்ணிய குறையுள்ள குழிகளில் கசிவு மிகமிக அதிகம். ஒவ்வொரு குழியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வடிகளுள் ஒன்று அமைந்திருப்பதால், மிகுதியாகக் கசியும் குழி அந்நிறப் புள்ளியாகப் படத்தில் ஒளிர்கின்றது.

வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 8 பாகை செல்சியஸ் உயரும்தோறும் இக்கசிவு இருமடங்காகும். பெருந்தொலைநோக்கிகளின் உணரிகளைத் திரவ நைதரசன் கொண்டு குளிர்விப்பது இதனாலேயே. குளிர்நாட்டில் குறைவாகத் தெரியும் குறை, இரவிலும் புழுக்கம் நீங்காத நம் கரைகளில் மிகுந்து தோன்றுவது கருவியின் குற்றமன்று.

குறையின் வகையை அறிதல் அரிதன்று. வில்லையை மூடியிட்டு மறைத்து, உயர்ந்த ஐ.எஸ்.ஓ. அளவில் முதலில் 1 விநாடியும் பின்னர் 30 விநாடியும் படமெடுத்து ஒப்புநோக்க வேண்டும். காண்குழல் வழியாக ஒளி நுழையாதவாறு அதனையும் மூடுதல் நன்று. நேரத்தோடு பெருகும் புள்ளிகள் வெப்பக் கசிவால் வந்தவை. ஓரத்திலோ மூலையிலோ மங்கிய ஒளிப்படலம் தோன்றின், அருகிலுள்ள மின்சுற்றின் விளைவாக இருக்கலாம். தூசியோ ஒளிராது, பகல் வானத்தைச் சிறிய துவாரத்தில் படமெடுக்கும்போது மங்கிய கரும்புள்ளியாகத் தெரியும்.

தீர்வும் பூவற் கணக்கே. மழையில்லா நாளில் ஊற்றை மட்டும் அளந்து, மொத்தத்தினின்றும் கழிப்பது போல, ஷட்டரை மூடியபடி அதே நேர அளவுக்கு ‘இருட்படம்’ ஒன்றை எடுத்து, முதற்படத்தினின்றும் கழித்தல் வேண்டும். பல கமராக்களில் இவ்வசதி அமைந்துள்ளது. 4 நிமிடப் படத்திற்குப் பின் கருவி மேலும் 4 நிமிடம் வாளாவிருப்பின், அது செயலிழந்ததன்று, இருட்படம் எடுக்கின்றது. அப்போது மின்கலத்தைக் கழற்றுதல் ஆகாது. கழித்தலுக்குப் பின்னும் ஒழுங்கற்ற சிறு குறுணை எஞ்சும். நீண்ட ஒரு படத்திற்குப் பதிலாகப் பல குறும்படங்களை எடுத்துக் கணினியிற் சராசரி கண்டால் அது குறையும்: 16 படங்களின் சராசரியில் குறுணை நான்கில் ஒன்றாகும். நிரம்பி வழிந்த குழியின் செய்தியோ மீளாது. அயற்புள்ளிகளைக் கொண்டே அதனை நிரப்பல் வேண்டும்.

ஓர் ஐயம் எஞ்சுகின்றது. நகராத புள்ளியெல்லாம் பொய்யெனின், ஏறக்குறைய நிலைத்து நிற்கும் துருவ விண்மீனும் பொய்யாகுமோ? ஆகாது. கமராவைச் சிறிது திருப்பி மீண்டும் படமெடுத்தால், உண்மை விண்மீன் படத்தில் இடம் மாறும். பொய்ப்புள்ளி தன் குழியை விட்டு அகலாது. 1988 ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் காவலூரிலிருந்து இராஜமோகன் கண்டறிந்த ‘இராமானுஜன்’ என்னும் சிறுகோள் போன்றவை இனங்காணப்படுவதும், ஒரே வான்பகுதியின் படங்களை ஒப்பிட்டு, விண்மீன்களிடையே இடம் மாறும் புள்ளியைத் தேடுவதாலேயே. ஒரு படத்தை மட்டும் நம்பிப் புதிய விண்மீன் கண்டதாகக் கூறுவதும், ஒரு படத்தை மட்டும் பார்த்து நல்ல கருவியை ஒதுக்குவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டாவது படம் ஒன்றை எடுத்துப் பார்த்தல் இரண்டையும் தவிர்க்கும்.