உதிரத்தின் கதை – 17: அதே இருபதாயிரம், வேறொரு நோய்

டெங்குவில் தட்டணுக்கள் குறைவதைச் சென்ற வாரம் பார்த்தோம். ரிப்போர்ட்டில் இருபதாயிரம் என்று வந்துவிட்டால் போதும், ‘பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்’ என்று வீட்டார் பதறுவார்கள். அதே இருபதாயிரத்தோடு வரும் இன்னொரு நோய் உண்டு. அதில், உயிரைப் பறிக்கும் அளவுக்கு ரத்தக்கசிவு இருந்தாலொழிய தட்டணு ஏற்றமாட்டார்கள். ஏற்றினால் அடைப்பு கூடிவிடுமோ என்ற அச்சம்தான் காரணம்.

நோயின் பெயர் டி.டி.பி. பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வரும். 1924இல் நியூயார்க் மருத்துவர் எலி மோஷ்கோவிட்ஸ் இதை முதன்முதலில் விவரித்தார். நன்றாக இருந்த 16 வயதுப் பெண்; திடீரென்று காய்ச்சல், சோகை, பக்கவாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஓரிரு வாரத்தில் போய்ச்சேர்ந்தாள். உடலைத் திறந்து பார்த்தபோது நுண்ணிய ரத்தக் குழாய்கள் எங்கும் அடைப்பு. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு, டி.டி.பி. வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை.

அந்தக் கணக்கை மாற்றியது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை. கனடாவில் 102 நோயாளிகளை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நல்ல பிளாஸ்மாவை ஏற்ற மட்டும் செய்தார்கள்; மறு பாதிக்குப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 32 பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவதில் 40 பேர். இது வெளிவந்தது 1991இல். ஏன் இப்படி என்பதற்கு விடை 1998இல்தான் கிடைத்தது. தட்டணுக்களை ஒட்டவைக்கும் ஒரு நீண்ட புரதத்தை அவ்வப்போது துண்டாக்க நம் ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. டி.டி.பி.யில் உடலே அந்த நொதிக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிடுகிறது. வெட்டப்படாத புரதத்தில் தட்டணுக்கள் திரண்டு மூளை, இதயம், சிறுநீரகக் குழாய்களை அடைக்கின்றன. அந்த இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் கிழிகின்றன. பிளாஸ்மாவை மாற்றினால் ஆன்டிபாடியும் வெளியேறும், நொதியும் வந்து சேரும். காரணம் தெரியாமலேயே மருத்துவர்கள் சரியான கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கழுத்திலோ தொடையிலோ போட்ட குழாய் வழியாக ரத்தம் அபெரசிஸ் கருவிக்குப் போகும். அங்கே அணுக்கள் பிரிந்து உடலுக்கே திரும்பும், பிளாஸ்மா கழியும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் இரண்டரை லிட்டர் மாற்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரின் ரத்த தானம் அது! தட்டணு எண்ணிக்கை நிலைப்படும்வரை தினமும் செய்ய வேண்டும். உதட்டில் மரமரப்பு தோன்றினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்; ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைத்துவிடும். கால்சியம் கொடுத்தால் சரியாகும். ஆன்டிபாடி மறுபடி உருவாகாமலிருக்கக் கூடவே ஸ்டீராய்டு தருவார்கள்.

நொதியை அளக்கும் பரிசோதனை முடிவு வரச் சில நாள்கள் ஆகலாம். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வலுத்தால் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பும் பரிசோதனை மிக எளியது: ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. உடைந்த சிவப்பணுக்கள் அங்கே தெரியும். தட்டணு குறைந்து, சோகையும் இருந்து, பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ, ‘ஸ்மியர் பார்த்தாச்சா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

கால்களைச் செயலிழக்க வைக்கும் கில்லன்-பாரே நோயிலும் இதே கருவிதான். ஆனால் அங்கே பெரும்பாலும் பிளாஸ்மாவுக்குப் பதில் அல்புமின் கொடுக்கிறார்கள். ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)